வேலூர் விரிகிறது, வாய்க்கால்களுக்கு இடம் இருக்கிறதா?

கோட்டைவாசல்

எல்லோருக்கும் வணக்கம். மழைக்காலம் நெருங்குவதால் இந்தப் பேச்சை இப்போதே தொடங்கிவிடலாம் என்று நினைத்தேன்.

வேலூர் 1866ல் நகராட்சி ஆனது, 2008 ஆகஸ்டில் மாநகராட்சி. அப்புறம் 2011ல் சத்துவாச்சாரி, காட்பாடி, தாராபடவேடு, தொரப்பாடி, அல்லாபுரம் என்று சுற்றிலும் இருந்த ஊர்களைச் சேர்த்து 60 வார்டு ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 1.85 லட்சம் பேர். சுற்றுப்புறத்தையும் கூட்டினால் 5 லட்சத்தை ஒட்டி வரும். அதற்குப் பிந்தைய வளர்ச்சியை பாகாயம், அரியூர் பக்கம் ஒரு சுற்று போய் வந்தால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

நம் ஊர் ஆலைகளால் வளர்ந்த ஊர் இல்லை. 1900ல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சி.எம்.சி. 1984ல் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியது இன்றைய வி.ஐ.டி. 2007ல் ஸ்ரீபுரம் பொற்கோவில் வந்தது. காந்தி ரோட்டில் லாட்ஜ் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் இருப்பது நமக்குப் பழகிவிட்டது. வைத்தியத்துக்கு வந்து தங்கும் குடும்பங்கள் இங்கேயேதான் சமைக்கிறார்கள், குளிக்கிறார்கள், துவைக்கிறார்கள். வார்டு கணக்கில் அவர்கள் பெயர் இல்லை. ஆனால் அவர்களுக்கும் தண்ணீர் வேண்டும், அவர்கள் கழிவுநீரும் எங்காவது போயாக வேண்டும்.

‘சாமி இல்லாத கோவில், நீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை’ என்று வேலூரைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லும் வரிசை எல்லோருக்கும் தெரியும். சாமி 1981ல் கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோவிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறும் மலையும்தான் பாக்கி.

ஊர் பெரிதானதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஏரிக்குள்ளும் வாய்க்காலுக்கு மேலும் பெரிதானதுதான் குறை. கன்சால்பேட்டை, இந்திரா நகர் வீடுகளுக்குள் நிக்கல்சன் கால்வாய் வந்து போவதை மழைக்கு மழை பார்க்கிறோம். கால்வாய் இருந்த அகலத்துக்கு இருந்தால் இது நடக்குமா? உங்கள் பகுதியில் என்ன நிலைமை, என்ன செய்யலாம், எழுதுங்கள்.

வெயிலூரான்

நண்பரே, நல்ல பேச்சு. ஆனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் அப்பா காலத்தில் படித்தவன் வேலைக்கு மெட்ராஸ் போக வேண்டும், இல்லையென்றால் பெங்களூர் போக வேண்டும். இன்று ஆட்டோ, மெஸ், மருந்துக்கடை, ஆய்வகம், லாட்ஜ், வாடகை வீடு என்று எத்தனை ஆயிரம் குடும்பம் இந்த ஊரிலேயே பிழைக்கிறது! நானும் அப்படிப் பிழைக்கிறவன்தான். மருத்துவமனையைச் சுற்றி நாலு தெருவில் கூட்டம் என்றால், அந்தக் கூட்டம் எங்களுக்குச் சோறு.

மனையும் அப்படித்தான். ஏரி உள்வாயில் வீடு கட்டியவன் ஆசைப்பட்டா கட்டினான்? ஊருக்குள் சென்ட் விலை கைக்கு எட்டவில்லை, விலை குறைந்த இடத்துக்குப் போனான். பத்திரம் பதிவானது, மின் இணைப்பு வந்தது, வரி ரசீதும் வந்தது. இத்தனையும் கொடுத்துவிட்டு, இப்போது ‘நீ ஏரிக்குள் இருக்கிறாய்’ என்றால் அவன் எங்கே போவான்?

வெயிலையும் நகரத்தின் தலையில் போட வேண்டாம். நாலு பக்கமும் பாறை மலை. ஊர் சின்னதாக இருந்தபோதே இது வெயிலூர்தான்.

காட்பாடி ஜங்ஷன்

அண்ணா, பகல் வெயில் பழையது, ஒத்துக்கொள்கிறேன். ராத்திரி வெக்கைதான் புதிது. பகலெல்லாம் சூடேறிய தளமும் சுவரும் தார் ரோடும் ராத்திரி அந்தச் சூட்டைத் திருப்பி விடுகின்றன. மரமும் ஈர மண்ணும் இருந்தால் மாலையிலேயே காற்று ஆறிவிடும். எங்கள் பாட்டி வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த தெருவில் இன்று நடு ராத்திரி நின்றாலும் சுவரைத் தொட முடியவில்லை. ஏ.சி. வைத்த வீடு தன் சூட்டைப் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு அனுப்புகிறது. ஏ.சி. வாங்க முடியாத வீட்டுக்குத்தான் இரண்டு பங்கு சூடு.

கிரீன் சர்க்கிள் நெரிசலைச் சொல்லவே வேண்டாம். சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையும் ஊருக்குள் வரும் வண்டிகளும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. காட்பாடியிலிருந்து வருகிற ஆம்புலன்ஸ் பாலாற்றுப் பாலத்தையும் தாண்டி, அந்த நெரிசலையும் தாண்டித்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டியிருக்கிறது.

நாங்கள் இருப்பது கழிஞ்சூர் பக்கம். 2021 நவம்பரில் தெருவில் முழங்கால் தண்ணீர். பக்கத்தில் ஏரி இருப்பதால் வந்தது என்றார்கள் சிலர், ஏரிக்குப் போகிற வழி அடைபட்டதால் வந்தது என்றார்கள் வேறு சிலர். எது சரி என்று யாராவது விளக்குவீர்களா?

பழைய சர்வேயர்

தங்கை கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நில அளவையில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வடாற்காடு ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில், 1989க்கு முன்பே, சங்கிலி பிடித்து அளந்தவன்.

நம் பகுதி ஏரிகள் தனித்தனிக் குட்டைகள் இல்லை. மலையடிவாரத்து முதல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. கடைசியில் பாலாறு. இதில் ஒவ்வொரு ஏரிக்கும் நாலு உறுப்பு உண்டு: தண்ணீர் வருகிற வரத்துக்கால், தேக்கி வைக்கிற கரை, பாசனத்துக்குத் திறக்கிற மதகு, மிச்சம் வழிகிற கலங்கல். இந்த நாலில் எது கெட்டாலும் மற்ற மூன்றும் கெடும்.

ஏரி சாகிற வரிசையை என் பணிக்காலத்தில் கண்ணெதிரே பார்த்தேன். முதலில் போவது ஏரி இல்லை, ஆயக்கட்டு. ஏரிக்குக் கீழே இருக்கிற நஞ்சை நிலம் மனையாகிவிடும். நிலம் போனதும் மதகைத் திறக்கவும் மூடவும் ஆள் தேவையில்லை. கரையில் மண் அடிக்கவும் யாரும் வருவதில்லை. பயிர் வைத்தவன்தான் ஏரிக்குக் காவல். அவன் போனான், காவலும் போயிற்று. அடுத்தது வரத்துக்கால். ‘தண்ணீர்தான் வருவதில்லையே’ என்று ஒரு பக்கம் சுவர், மறு பக்கம் ஷெட். மூன்றாவதாக, கீழே வீடு கட்டியவர்கள் வெள்ளத்துக்குப் பயந்து கலங்கலை உடைத்துக் குறைக்கச் சொல்வார்கள். நீர்மட்டம் இறங்கும், உள்வாயில் நிலம் தெரியும். அதற்குப் பிறகுதான் உள்வாயில் குடிசை, அப்புறம் கட்டடம். பல ஊர்களில் பேருந்து நிலையமும் அரசு அலுவலகமும்கூட இப்படி வந்தவைதான். ஏழை மட்டும் ஏரிக்குள் போகவில்லை. வெயிலூரான் தம்பி சொன்னதில் அந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது.

இப்போது தங்கையின் கேள்விக்கு வருகிறேன். ஏரி பக்கத்தில் இருப்பதால் மட்டும் தெருவில் தண்ணீர் நிற்காது. தெருவுக்கும் ஏரிக்கும் நடுவில் இருந்த ஓடை மறைந்தால்தான் நிற்கும். வீட்டில் உட்கார்ந்தே ஒன்று செய்யலாம். தமிழ்நாடு அரசின் இணைய சேவைப் பக்கத்தில் உங்கள் சர்வே எண்ணைக் கொடுத்தால் புல வரைபடமும் (நிலத்தை அளந்த படம்) ‘அ’ பதிவேட்டு விவரமும் (அந்த நிலம் என்ன வகை என்ற கணக்கு) கிடைக்கும். உங்கள் எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். சுற்றிலும் இருக்கிற எண்களையும் போட்டுப் பாருங்கள். ‘ஓடை’, ‘வாய்க்கால்’, ‘ஏரி’ என்று வகைப்பாடு எங்கே வருகிறதோ அதைத் தாளில் வரிசையாக வரைந்தால் தண்ணீரின் பழைய வழி தெரிந்துவிடும். அப்புறம் கிராம வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். மனை வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்று மட்டும் போதும் என்று இருந்துவிட வேண்டாம். வில்லங்கச் சான்று கடனைச் சொல்லும், வெள்ளத்தைச் சொல்லாது.

2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டதும், அடுத்த ஆண்டு அவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்ததும் நினைவிருக்கும். வரன்முறை செய்தால் மனைக்குத் தாள் வரும். அடைத்த வாய்க்கால் தானாகத் திறக்காது.

ஆம்பூர்க்காரி

ஐயா எழுதியதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டேன். நான் ஆம்பூர். இப்போது எங்களைத் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், ஆனால் ஆறு ஒன்றுதான். வேலூருக்கு மேலேயும் கீழேயும் என்ன நடந்தது என்று சொல்லாமல் வேலூர்த் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது.

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை. பாலாற்றுப் பகுதி முழுக்க டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள். பச்சைத் தோல் உப்புப் போட்டுத்தான் வரும். அந்த உப்பைக் கழுவும் தண்ணீர், சுண்ணாம்புத் தண்ணீர், குரோமியத் தண்ணீர் எல்லாம் பல காலம் மண்ணுக்கும் ஆற்றுக்கும்தான் போயின. 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வேலூர்க் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்புச் சொன்னது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழாகிவிட்டது என்ற வேளாண் ஆய்வு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ‘மாசு செய்தவரே ஈடு கட்ட வேண்டும்’ என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர் பிடித்தது எங்கள் ஆற்றுக்காக நடந்த அந்த வழக்கில்தான். சட்டம் படிக்கிற பிள்ளைகள் நாடு முழுக்க அதைப் படிக்கிறார்கள். ஆறு மட்டும் தேறவில்லை. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மறுபடியும் பாலாற்றுக்காக உத்தரவு போட வேண்டி வந்தது.

எங்கள் வீட்டில் அப்பா டேனரியில் வேலை செய்தவர், நான் ஷூ கம்பெனியில் இருந்தவள். எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கையில் சொந்தக் காசு வந்தது அந்த வேலையால். அதனால் மூடிவிடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். கழிவைச் சுத்திகரித்து, மிச்ச உப்பையும் பொறுப்போடு வைத்து நடத்துங்கள் என்றுதான் கேட்கிறேன். ராணிப்பேட்டையில் மூடிய குரோமேட் ஆலைக்குள் 2 லட்சம் டன்னுக்கு மேல் குவிந்த குரோமியக் கழிவை நினைத்துப் பாருங்கள். ஆலை மூடினால் வேலை போகும், விஷம் போகாது.

ஊர் பெருகப் பெருக நல்ல தண்ணீருக்குப் போர் இன்னும் ஆழமாகப் போகிறது. எங்கள் தெருவில் போர்த் தண்ணீரில் பருப்பு வேகாது. சமையலுக்குக் கேன்தான்.

வெயிலூரான்

அதற்குத்தானே காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்தது? மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. ஆற்றுத் தண்ணீர் கெட்டுப்போனாலும் குடிக்க வழி பிறந்ததே, அதையும் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்

வழி பிறந்தது, மறுக்கவில்லை. அந்தக் குழாய் இல்லாவிட்டால் பல தெருக்களில் இன்று குடமே நிறையாது. ஆனால் 2019 ஜூலையை நினைத்துப் பாருங்கள். சென்னை வறண்டபோது ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் போனது. 50 வேகன், நடை ஒன்றுக்கு 25 லட்சம் லிட்டர், அதுவும் இதே காவிரித் தண்ணீர். அப்போது ஜோலார்பேட்டை நம் வேலூர் மாவட்டம்தான். எங்கள் பங்கு குறையுமோ என்று இங்கே எழுந்த பதற்றம் மறக்கக்கூடியதா? மேட்டூரில் நீர் குறைந்தால் வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை எல்லாம் ஒரே குழாயைப் பார்த்து நிற்கும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். நம் பகுதியில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டி மழை உண்டு. ஒரு ஏக்கரில் 900 மில்லிமீட்டர் பெய்தால் அது சுமார் 36 லட்சம் லிட்டர். சென்னைக்குப் போன அந்த ரயிலின் ஒரு நடையை விட இது அதிகம். ஏக்கர் ஏக்கராகச் சிமெண்ட் போட்டு மூடிய இடத்திலெல்லாம் இந்த நீர் மண்ணுக்குள் இறங்காமல் சாக்கடைக்கு ஓடுகிறது. தூரத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை நம் தலையில் விழுகிற தண்ணீருக்குக் கொடுத்திருந்தாலே போர்கள் இவ்வளவு ஆழம் போயிருக்காது. ஊருக்குக் குடிநீர் தந்த ஓட்டேரி ஏரியே நம்மிடம் இருந்ததே!

2016ல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் வேலூர் சேர்ந்தது. தோண்டினார்கள், மூடினார்கள், சிமெண்ட் ரோடு போட்டார்கள். 2022ல் நிறுத்தி வைத்திருந்த பைக்கை நகர்த்தாமலேயே அதன் சக்கரத்தைச் சுற்றி கான்கிரீட் கொட்டிய படத்தை நாடே பார்த்தது. சில வாரங்களில் கைப்பம்பு ஒன்றும் அப்படியே கான்கிரீட்டுக்குள் போனது. பார்த்தவர்கள் சிரித்தார்கள், எனக்குக் கோபம்தான் வந்தது. கண் முன்னால் இருக்கிற வண்டியையே பார்க்காத வேலை, மண்ணுக்கு அடியில் இருக்கிற வாய்க்காலையா பார்க்கும்? பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிய சாலை போட வேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே எழுதினார். நம் தெருக்களில் வீட்டு வாசல் தாழ்ந்து, ரோடு உயர்ந்துதான் கிடக்கிறது.

இலவம்பாடி

பேச்சு நகரத்துக்குள்ளேயே நிற்கிறது, கிராமத்துக் கதையும் கொஞ்சம் கேளுங்கள். நான் அணைக்கட்டு பக்கத்து விவசாயி. எங்கள் முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பேர் வந்தது, நிலம் குறைகிறது. நெடுஞ்சாலையை ஒட்டிய விளைநிலத்திலெல்லாம் கல் நட்டு, கொடி கட்டி, ‘நகர்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். வீடுகூட வரவில்லை. பத்து வருஷமாக வெறும் கல்தான். பயிரும் இல்லை, குடியும் இல்லை. நகரம் வந்து சேர்வதற்கு முன்பே அதன் விலை வந்துவிடுகிறது. அந்த விலைக்கு முன்னால் கத்தரி நிற்குமா?

ஆற்று மணலைப் பற்றி யாரும் எழுதவில்லையே. பாலாறு மேலே காய்ந்து கிடந்தாலும் மணலுக்குள் தண்ணீர் ஓடும். மணலைக் கீறி ஊற்றுக்கால் வெட்டிப் பாய்ச்சிய ஊர்கள் இந்த ஆற்றங்கரையில் எத்தனையோ. அந்த மணல்தான் நகரத்தில் கட்டடமாக நிற்கிறது. மணல் போன இடத்தில் வெள்ளம் வந்தாலும் நீர் நிற்காமல் வழுக்கிக்கொண்டு போகிறது. 2021 நவம்பரில் பாலாற்றில் லட்சம் கன அடிக்கு மேல் போனதே, 1903க்குப் பிறகு அப்படி வந்ததில்லை என்றார்கள். அந்த மழையில்தான் பேரணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து ஒன்பது உயிர் போனது. அவ்வளவு தண்ணீர் போன ஆற்றில் அடுத்த கோடைக்கு எவ்வளவு மிஞ்சியது?

நல்லதும் நடக்கிறது. கணியம்பாடி பக்கம் நாகநதியில் பெண்கள் சேர்ந்து நூறு நாள் வேலைத் திட்டத்திலேயே உறை இறக்கிய மீள்நிரப்புக் கிணறுகளும் தடுப்பணைகளும் போட்டார்கள். ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பு. ஓடுகிற நீரை மண்ணுக்குள் இறக்குவதுதான் வேலை. கிணறுகளில் தண்ணீர் ஏறியதை அந்த ஊர்க்காரர்களே சொல்கிறார்கள். கிராமத்தில் கடப்பாரையும் கூடையும் வைத்துச் செய்ததை இத்தனை இயந்திரம் வைத்திருக்கிற நகரம் ஏன் செய்யக் கூடாது?

காட்பாடி ஜங்ஷன்

சதுப்பேரியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் ஊர்க் குப்பையைக் கொட்டி, அது எரிந்து, அந்தப் புகையைப் பக்கத்து மக்கள் குடித்த காலம் உண்டு. பிறகு வார்டுக்குள்ளேயே குப்பையைப் பிரித்து உரமாக்கும் கூடங்கள் வந்தன. திடக்கழிவில் வேலூர் முறை என்று வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள். நன்றாக நடக்கிற இடமும் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிற இடமும் இருக்கிறது. வீட்டிலேயே பிரித்துக் கொடுத்தால்தான் தூய்மைப் பணியாளர் அக்காக்கள் கையைக் கிழித்துக்கொள்ளாமல் வேலை செய்ய முடியும். எங்கள் தெருவில் இதற்குத்தான் முதலில் வீடு வீடாகப் போனோம்.

வெயிலூரான்

பெரியவரும் தங்கைகளும் எழுதியதில் எனக்குச் சம்மதமே. ஆனால் ஒரு பயம் இருக்கிறது. நீர்நிலை மீட்பு என்று இயந்திரம் கிளம்பினால் முதலில் எந்த வீடு இடிகிறது? குடியாத்தத்தில் கவுண்டன்ய ஆற்றங்கரையில் ஆக்கிரமிப்பு எடுத்தபோது குழந்தைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற தாய்மார்களைப் பார்த்தேன். ஆறு வேண்டும், சரி. அவர்களுக்கும் கூரை வேண்டும். வேலைக்குப் போக முடியாத தூரத்தில் குடியிருப்பு கொடுத்தால் அது மாற்று இடம் ஆகாது. காம்பவுண்டு போட்ட பெரிய கட்டடத்தையும் அதே நாளில், அதே அளவுகோலால் அளப்பீர்களா? அளப்பீர்கள் என்றால் நானும் கூட வருகிறேன்.

பழைய சர்வேயர்

தம்பி, அளவுகோலுக்குக் காம்பவுண்டு தெரியாது. அதைப் பிடிக்கிற கைக்குத்தான் தெரியும். அதனால்தான் மக்கள் கூட இருந்து அளக்கச் சொல்கிறேன். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. எல்லை அளந்து கல் நடுவதுதான் அதில் முதல் வேலை. யார் வீடு என்று பார்க்காமல் எல்லையை முதலில் வெளிப்படையாக அளக்கட்டும். அளந்த படம் ஊர் முன்னால் ஒட்டப்படட்டும். யாரை, எப்போது, எங்கே மாற்றுவது என்ற பேச்சு அதற்குப் பிறகு நடக்கட்டும்.

வீட்டை இடிக்காமலேயே திறக்கக்கூடிய வாய்க்கால் நிறைய உண்டு. ரோட்டுக்கு அடியில் சிறு குழாய் போட்டு நெரித்த இடங்கள், மண் மூடிய சிறுபாலங்கள், குப்பை அடைத்த வளைவுகள். அவற்றை மழைக்கு முன்னால் செய்துவிட்டாலே பாதித் தெருக்கள் தப்பிக்கும். நான் அளந்த ஊர்களை மனதில் வைத்துத்தான் சொல்கிறேன்.

காட்பாடி ஜங்ஷன்

ஐயா சொன்னபடி புல வரைபடங்களை இறக்கி ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பார்த்தோம். நானும் தெருவில் இருக்கிற இரண்டு கல்லூரித் தோழிகளும். எங்கள் தெருவின் கிழக்கே ‘ஓடை’ என்று ஒரு எண் வருகிறது. இன்று அந்த இடத்தில் பாதி ரோடு, பாதி வண்டி நிறுத்துமிடம். ரோட்டுக்கு அடியில் ஒரே ஒரு சிறிய குழாய்தான் இருக்கிறது. வீடு ஒன்றுகூடக் குறுக்கே இல்லை!

இதை வார்டின் பகுதி சபைக் கூட்டத்தில் வைக்கலாம் என்று தெருவில் பேசி முடிவு செய்திருக்கிறோம். அங்கே எதைக் கேட்பது, எந்தத் தாளைக் கொண்டு போவது, சொல்லுங்கள் ஐயா.

பழைய சர்வேயர்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள், தங்கை. மூன்று தாள் போதும். ஓடை வருகிற புல வரைபடங்கள், அந்த எண்ணுக்கான ‘அ’ பதிவேட்டு நகல், 2021ல் தெருவில் தண்ணீர் நின்ற படம். படத்தின் பின்னால் தேதியும் வீட்டு எண்ணும் எழுதுங்கள். ‘தண்ணீர் தேங்குகிறது’ என்று பொதுவாக மனு எழுத வேண்டாம், அதற்கு ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்றுதான் பதில் வரும். இந்த சர்வே எண் ஓடையை அளந்து எல்லைக்கல் நட வேண்டும், சாலைக்கு அடியில் இருக்கிற குழாயை எடுத்துவிட்டு ஓடையின் முழு அகலத்துக்குச் சிறுபாலம் போட வேண்டும் என்று இரண்டே வரியில் கேளுங்கள். தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லி, நகல் வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும். அளக்கிற நாளில் நானும் வருகிறேன், வெயிலூரான் தம்பியையும் கூட்டி வாருங்கள்.

வெயிலூரான்

ஆட்டோ என்னுடையது. ஐயாவை வீட்டிலேயே வந்து ஏற்றிக்கொள்கிறேன்.